கல் சொன்ன கணக்கு

கரும்பலகையில் 742 என்று எழுதினேன். எழுதிய கையும் என்னுடையதே. மறுநாள் அழித்த கையும் என்னுடையதே. இடையில் ஓர் இரவு. அந்த இரவிலே நான் கற்றதைச் சொல்லவே எழுதுகோலை எடுத்தேன்.

வகுப்பில் அன்று சீன நாட்டு வரலாறு. மன்னர் பெயரும் போர்களின் ஆண்டும் மட்டுமா வரலாறு என்ற எண்ணத்தில், ஷியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் படம் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். "என்ன கட்டடம் இது?" என்றேன். "புத்தர் கோயில்!" என்றான் ஒருவன். "அரண்மனை!" என்றான் மற்றொருவன். "மல்யுத்தம் பயிலும் மடம்!" என்று ஒரு குரல், சிரிப்பலை. "பள்ளிவாசல்" என்றேன். நம்ப மறுத்தனர். கும்மட்டம் எங்கே, வானை நோக்கும் மினார் எங்கே என்று கேட்டனர். அவர்கள் கேட்டதில் குற்றமில்லை. படத்தில் இருந்தவை வளைந்தேறும் கூரைகள், நீலமும் பச்சையும் கலந்த ஓடுகள், எண்கோண மாடம். எந்தப் பள்ளிவாசலை அவர்கள் கண்டிருக்கிறார்கள் இப்படி?

படம் தந்த வியப்போடு நிறுத்தியிருக்கலாம். வியப்பை வளர்க்க ஆசைப்பட்டேன். "இந்தப் பள்ளிவாசலுக்குள்ளே ஒரு கல்வெட்டு உண்டு, 742ஆம் ஆண்டில், தாங் பேரரசர் காலத்தில், இது எழுந்தது என்று அக்கல் கூறுகிறது. அதற்கும் முன்பே, சுயி அரசரின் கைஹுவாங் ஆண்டுகளில், அதாவது 581க்கும் 600க்கும் இடையில், இஸ்லாம் சீனத்தில் கால் வைத்துவிட்டது என்றும் அதே கல் கூறுகிறது" என்று முழங்கினேன். முழங்கினேன் என்றது மிகையன்று. முந்திய வாரம் படிப்பகக் கூட்டத்தில் இதையே பேசிக் கைதட்டல் பெற்ற மயக்கம் தீராதிருந்தது.

கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாதவன், இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளை.

"ஐயா, நபிகள் நாயகம் மக்காவை விட்டு மதினா சென்றது 622 அல்லவா?"

"ஆம், தம்பி."

"அப்படியானால் 600க்கு முன்பே எப்படி, ஐயா, சீனத்துக்குப் போயிருக்கும்?"

வகுப்பு அமைதியானது. நானும் அமைதியானேன். நபிகளுக்கு முதல் மறைமொழி வந்ததாக இஸ்லாமியர் கொள்வது 610 அளவில். பிறவாத பயிர் பக்கத்து ஊரில் விளைந்தது என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்! "நாளை சொல்கிறேன்" என்று தப்பினேன். பையன் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். அச்சேறிய வழிகாட்டி ஏடுகள் பலவும் 742 என்றே ஒப்பித்தன. ஆராய்ந்தோர் எழுதியவை வேறு கதை கூறின. அந்தக் கல் தாங் காலத்துக் கல்லன்று, பன்னூறு ஆண்டுகள் கழித்து, மிங் அரசர் காலத்தில் செதுக்கி, முன்னோர் நாளிட்டு நிறுத்திய கல் என்பது அவர்கள் முடிவு. சான்று அந்தக் கல்லின் சொற்களிலேயே இருக்கிறது. தாங் காலத்துச் சீனர் அராபியரைக் குறித்த பெயர் 'தா-ஷி'. கல்லிலோ அரபு நாடு 'தியன்ஃபாங்' என்று வருகிறது. அது பிற்காலத்தில் வழங்கிய பெயர். பாட்டன் எழுதியதாகக் காட்டும் ஓலையில் பேரன் காலத்துச் சொல் இருந்தால் எழுதியவன் யார் என்று சொல்லவா வேண்டும்?

கைஹுவாங் என்ற பிழை எங்கிருந்து வந்தது? இதற்கு ஆய்வாளர் தந்த விளக்கத்தைப் படித்தபோது நள்ளிரவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எழுந்து நடந்தேன், மீண்டும் போட்டேன்.

இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு நிலவைக் கொண்டது; 354 நாள், சில வேளை 355. சீனரின் ஆண்டும் நிலவைப் பற்றியதே எனினும், அவ்வப்போது ஒரு மாதத்தை மிகுதியாகச் சேர்த்துக் கதிரவனின் ஓட்டத்தோடு இசைத்துக்கொள்வது. ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் இரண்டுக்கும் இடையில் வேற்றுமை. 1384ஆம் ஆண்டில் ஹிஜ்ரி 786 பிறந்தது. அதாவது 785 ஆண்டுகள் கழிந்திருந்தன. நிலவாண்டு என்பதை மறந்து, சீன ஆண்டு என்றே எண்ணிப் பின்னோக்கிக் கழித்தால்? 1384இலிருந்து 785 போக 599. கைஹுவாங் ஆண்டுகளுக்குள்ளே வந்து விழுகிறது! 785 ஆண்டுகளுக்கு ஆண்டுக்குப் பதினொரு நாளாகச் சேர்ந்த பிழை இருபத்துமூன்று ஆண்டுகள் சொச்சம். 599ஓடு அந்த இருபத்துமூன்றைக் கூட்டினால், பையன் சொன்ன 622!

ஆக, கைஹுவாங் என்று பொறித்தவன் பொய்யன் அல்லன். தவறாகக் கழித்தவன். ஆனால் 742 என்று நாளிட்டவன்? அவனை என்னென்பது?

அதை எண்ணிப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பார்த்துவிடுவோம். நான் ஷியான் சென்றதில்லை. படங்களும் தரைப்படமும் படித்தவையுமே என் கண்கள்.

முன்னாளில் சாங்ஆன் எனப் பெயர் பெற்ற நகரம் அது. பட்டு வணிகப் பாதையின் கிழக்கு முனை. பாரசீகரும் சோக்தியரும் அராபியரும் தெருவில் தோளுரசி நடந்த ஊர். அராபியத் தூதுக்குழு 651இல் தாங் அரசவைக்கு வந்ததைச் சீன அரசரின் வரலாற்றேடே குறிக்கிறது. நகரின் முரசு மாடத்துக்கு வடமேற்கே, ஹூய் முஸ்லிம்கள் வாழும் சந்துகளிடையே, ஹுவாஜுவே சந்தில் அமைந்துள்ளது பள்ளிவாசல். இன்றைய அமைப்பின் தொடக்கம் மிங் முதல் மன்னர் ஹோங்வூ ஆட்சியில், 1392. பின் வந்தோர் புதுக்கினர், கூட்டினர். ஏறத்தாழ 250 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். முற்றத்தைக் கடந்தால் வாயில், வாயிலைக் கடந்தால் முற்றம். முற்றம் நான்கு என்பாருண்டு, ஐந்து என்பாருண்டு. எங்கே தொடங்கி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சீனக் கோயிலும் அரண்மனையும் தெற்கு நோக்கி நிற்பவை. வடக்கே செல்லச் செல்ல மேன்மை ஏறும். இந்தப் பள்ளிவாசல் அந்த முற்றங்களையும் வாயில்களையும் அப்படியே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, முழுவதையும் திருப்பிவிட்டது! கிழக்கே தொடங்கி மேற்கே முடிகிறது. சீனத்திலிருந்து மக்கா மேற்கே அல்லவா? உடுத்தியது உள்ளூர் ஆடை; நோக்கியது தன் திசை. தரைப்படத்தைத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் முற்றத்தில் ஒன்பது மீட்டர் உயரமுள்ள மரத் தோரணவாயில். அடுத்ததில் கல் தோரணம். அருகே எழுத்தழகுக் கற்கள். சுங் காலத்து மீ ஃபூ, மிங் காலத்து தோங் சிசாங் என்ற சீன எழுத்தோவியப் பெரியோர் இருவரின் எழுத்து அங்கே செதுக்கப்பட்டுள்ளது. அப்பால், நடுவிலே, எண்கோண மாடம். இரண்டு தளம், மூன்று அடுக்கு இறவாணம். பாங்கு ஒலிக்க எழுந்த மினார் அதுதான் என்றால் யார் நம்புவார்? 'உள்ளத்தை ஆராயும் மாடம்' என்று பெயர். கன்பூசியர் வழிவந்த கற்றோன் ஒருவன் அந்தப் பெயரைப் படித்தால் தன் வீட்டுச் சொல் என்றே கொள்வான். பள்ளிவாசலுக்குச் சீனத்தில் வழங்கும் பெயரும் அத்தகையதே: 'சிங்சென் ஸு', தூய்மையும் உண்மையும் உறையும் மனை.

கடைசியில் தொழுகை மண்டபம். ஏறத்தாழ 1,300 சதுர மீட்டர். ஆயிரம் பேர் நிற்கலாம். தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே கட்டைமேல் கட்டை அடுக்கி, ஒன்றையொன்று கவ்வச் செய்து, கூரைப் பாரத்தைத் தாங்கவைக்கும் சீனத் தச்சு அங்கே காட்சி தருகிறது. ஒரு சிக்கல் எழுந்திருக்க வேண்டும் தச்சருக்கு. சீன மண்டபம் அகன்றது, ஆழமற்றது. முகப்பில் நின்றால் நடுவே வீற்றிருக்கும் அரசனையோ சிலையையோ கண்டுவிடலாம், அது போதும். தொழுகைக்கோ சிலை இல்லை. வரிசை வேண்டும், வரிசைக்குப் பின் வரிசை வேண்டும், ஆகவே ஆழம் வேண்டும். என்ன செய்தார்கள்? ஒரு கூரையின் பின்னால் மற்றொரு கூரையை ஒட்டவைத்து மண்டபத்தை நீட்டினார்கள். சீனப் பள்ளிவாசல்கள் பலவற்றில் காணும் முறை இது. சிலையில்லாக் கொள்கை கூரையின் வடிவையே மாற்றிற்று! உள்ளே மேற்குச் சுவரில் மிஹ்ராப் என்னும் மாடக்குழி. விதானப் பலகைகளில் கொடியும் மலரும் அரபு எழுத்தும். பிற்காலத்தில் உட்சுவர்களில் பதித்த மரப்பலகைகளில் திருக்குர்ஆன் அரபியிலும் இருக்கிறது, சீனத்திலும் இருக்கிறது. வழிபாட்டுக் கூடத்துக்குள் மக்கள் மொழி நுழையலாமா என்று வாதிட்டே தலைமுறைகளைக் கழித்தோர்க்கு இது எவ்வளவு எளிதாகத் தெரியும்!

அந்த வரிசையில் செல்வனும் ஏழையும் அடுத்தடுத்து நிற்பர் என்பதை நம் மேடைகளில் பலகாலும் கேட்டிருக்கிறோம். பெண்ணுக்கு அதில் இடம் எங்கே என்று கேட்பாரும் நம்மிலே வேண்டும். அந்தக் கேள்விக்குச் சீன மண்ணிலேயே ஒரு விடை முளைத்திருக்கிறது. ஹெனான் மாநிலத்துக் கைஃபெங் போன்ற ஊர்களில் பெண்களுக்கென்றே பள்ளிவாசல்கள் உண்டு, நடத்துவோரும் பெண்களே. கைஃபெங் நகரத்து வாங்ஜியா சந்தின் பெண்கள் பள்ளிவாசல் 1820இல் தோன்றியது என்பர். முழு விடையா அது? அன்று. தனி இடம் வேறு, சம இடம் வேறு. ஆயினும் விடையின் தொடக்கம்.

"பகுத்தறிவு பேசுபவனுக்குப் பள்ளிவாசலில் என்ன வேலை?" என்றார், நான் எழுதத் தொடங்கியதைக் கண்ட இயக்கத் தோழர் ஒருவர். கடவுளைத் தேடி நான் அங்கே போகவில்லை, தோழர்களே! ஒரு மனிதனைத் தேடிப் போனேன். பொய் நாளிட்டுக் கல் நிறுத்தினானே, அவனை.

ஏன் செய்தான்? பொருளுக்கா? பதவிக்கா? அந்தக் கல் பேசுவது என்ன என்று பார்த்தேன். கன்பூசியரையும் நபிகளையும் அருகருகே நிறுத்துகிறது. நாடும் மொழியும் வேறாயினும் சான்றோர் உள்ளமும் நெறியும் ஒன்றே என்கிறது. எதிரியை வெல்ல எழுதியதன்று அது. அண்டை வீட்டானின் நெஞ்சைத் தொட எழுதியது. அதன் காலப் பின்னணியை எண்ணுங்கள். மங்கோலியர் ஆட்சியை வீழ்த்தி எழுந்தவர்கள் மிங் அரசர். பிறநாட்டு உடை கூடாது, பிறநாட்டு மொழி கூடாது, பிறநாட்டுக் குடிப்பெயர் கூடாது என்று 1368இலேயே ஆணை பிறந்தது. பல தலைமுறைகளாக அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே புதைந்த மக்களைப் பார்த்து, "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்று கேட்கும் காலம் வந்தது. கேட்டவன் கையில் அரசு இருந்தது. கேட்கப்பட்டவன் கையில் ஓர் உளி இருந்தது. அவன் செதுக்கினான்: நாங்கள் நேற்று வந்தவர்கள் அல்லர், தாங் அரசரே எங்களுக்கு இடம் தந்தார், அதற்கும் முன்பே வந்தோம்!

இது என் ஊகம். ஆவணம் காட்ட இயலாது. ஆனால் அச்சத்தில் பிறந்த பொய்க்கும் ஆசையில் பிறந்த பொய்க்கும் முகம் வேறு என்பதை அறிவேன். பொய்யை ஏற்கச் சொல்லவில்லை. பொய் பொய்யே. ஆனால் குற்றவாளிக் கூண்டில் கல் வெட்டியவனை மட்டும் நிறுத்தினால் போதாது. ஒரு குடிமகன் இந்த மண்ணுக்குரியவன் என்று காட்ட ஆயிரமாண்டுச் சீட்டு வேண்டும் என்று கேட்டவனையும் அருகே நிறுத்த வேண்டும். 651இல் தூதர் வந்ததும் 1392இல் மண்டபம் எழுந்ததும் மெய். அந்த மெய் ஏன் போதவில்லை?

அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் சீனத்துப் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. பின்னர் திறந்தன; ஷியான் பள்ளிவாசல் 1988இல் நாடு காக்கும் நினைவுச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. ஆனால் 'சீனமயமாக்கல்' என்ற பெயரால் வேறொரு வேலை நடந்திருக்கிறது. 2018இல் நிங்சியாவின் வெய்சோவ் என்ற ஊரில் புதிதாகக் கட்டிய பெரிய பள்ளிவாசலை இடிக்க ஆணை வந்தபோது, மக்கள் திரண்டு வந்து அமர்ந்தனர். கட்டடம் பிழைத்தது, கும்மட்டங்கள் பின்னர் மறைந்தன. 2023இல் யுன்னானின் நாஜியாயிங்கில் மக்களுக்கும் காவலர்க்கும் மோதல். 2024க்குள் ஷாதியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசலும் தன் கும்மட்டங்களை இழந்து சீனக் கூரை பூண்டது.

"நீ புகழ்ந்த ஷியானும் சீனக் கூரைதானே, இதிலே என்ன குறை?" என்று கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஷியானில் அழுத்தமே இல்லை என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். 1368 ஆணையை மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் மண்டபத்தை மேற்கே திருப்பியவர்கள் அங்கே தொழுதவர்கள். மாடத்துக்குப் பெயரிட்டவர்கள் அவர்கள். எதை எடுப்பது, எதை விடுப்பது, எதை வளைப்பது என்று அவர்களே தேர்ந்தார்கள். ஷாதியானில் தேர்ந்தது யார்? தாய் தன் பிள்ளைக்கு உடுத்தும் ஆடையும் காவலன் கைதிக்கு உடுத்தும் ஆடையும் ஒரே துணியில் தைத்தவையாக இருக்கலாம். திணிப்பு என்ற சொல்லின் பொருளை நம் இயக்க இளைஞர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் வகுப்பு. 742ஐ அழித்தேன். 1392 என்று எழுதினேன். 785ஐக் கழிக்கும் கணக்கை அந்தப் பையனையே வந்து போடச் சொன்னேன். 599 என்று விடை வந்ததும் மாணவர்கள் கொண்ட வியப்பு, முந்திய நாள் கல்வெட்டைச் சொன்னபோது கொண்டதைவிடப் பெரிது.

"கல்லில் வெட்டியதே பொய்யென்றால், ஐயா, எந்தக் கல்லை நம்புவது?" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

இலங்கையில் காலி நகரில் 1911இல் கண்டெடுத்த கல்லைப் பற்றிச் சொன்னேன். மிங் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுத்தியது. பிறப்பால் அவர் முஸ்லிம். 1409 என்று நாளிட்ட கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் அளித்த காணிக்கையை மும்மொழியில் அது பேசுகிறது. அதை ஏன் நம்புகிறோம்? கல் என்பதால் அன்று. செங் ஹோவின் கடற்பயணத்தைச் சீன அரசேடுகளும் தனியே கூறுகின்றன. சொல்லும் காலத்துக்கு ஒத்து வருகிறது. இந்தச் செங் ஹோ 1413இல் ஷியான் வழியே வந்து, அரபு நாடு செல்ல மொழிபெயர்ப்பாளர் தேடி, அந்நகரத்து மற்றொரு பள்ளிவாசலின் தலைவர் ஹசனைத் தெரிந்தெடுத்தார் என்று அங்குள்ள 1523ஆம் ஆண்டுக் கல் சொல்கிறது. "அதையும் சரிபார்க்க வேண்டுமா, ஐயா?" என்றாள். வேண்டும் என்றேன்.

நம் பழம்பெருமை பேசும் மேடைகளில் நானும் ஆண்டுகளை அள்ளி வீசியவன். எத்தனையை இப்படிக் கழித்துப் பார்த்தேன்? அன்று வகுப்பில் நின்றபோது அந்த எண்ணம் முள்ளாய்த் தைத்தது.

"அந்தப் பொய்க் கல்லை எடுத்து எறிந்துவிடுவார்களா?" என்று இன்னொருவன் கேட்டான். எறிய வேண்டாம் என்றேன். அதே பள்ளிவாசலில் அரபியில் பொறித்த மற்றொரு கல்லும் உண்டு, 1732இல் வைத்தது. 'நிலவுக் கல்' என்று பெயர். நிலவைக் கொண்டு மாதங்களைக் கணிப்பது எப்படி என்று அது கற்பிக்கிறது. தவறாகக் கழித்த கல்லும், கழிக்கக் கற்றுத்தரும் கல்லும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

அடுத்த படிப்பகக் கூட்டத்தில் எழுந்து, "சென்ற முறை நான் சொன்ன ஆண்டு தவறு" என்று திருத்திச் சொன்னேன். கைதட்டல் எழவில்லை. கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் வந்து, "அந்தக் கணக்கை இன்னொரு முறை சொல்லு, தம்பி" என்று சொல்லித் துண்டுத்தாளை நீட்டினார். வாயில் விளக்கின் கீழே நின்று எழுதிக் கொடுத்தேன்.